சி.எஸ்.ஆர். கையில் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். எங்கே?

காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வெளியே வருபவரிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்துட்டாங்க" என்பார். குரலில் நிம்மதி தெரியும். வழக்குப் பதிவாகிவிட்டது என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். சில மாதம் கழித்து வக்கீலிடம் அந்தத் தாளை நீட்டும்போதுதான் தெரியவரும், சட்டத்தின் கணக்கில் இன்னும் வழக்கு என்ற ஒன்றே பிறக்கவில்லை என்பது.

நம் ஊரில் சட்ட அறிவு என்றால் பிரிவு எண்களை ஒப்பிப்பது என்று ஆகிவிட்டது. 420 என்றால் மோசடி, 302 என்றால் கொலை, 144 என்றால் தடையுத்தரவு. சினிமாவும் அரசியல் மேடையும் கற்றுக்கொடுத்த பாடம் அவ்வளவுதான். அந்த எண்களும் 2024 ஜூலை 1 முதல் மாறிவிட்டன. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. பெயரை மூச்சு விடாமல் சொல்ல முடியாததால் எல்லோரும் பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ். என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இன்றைக்கு மோசடி 318(4), கொலை 103, தடையுத்தரவு பி.என்.எஸ்.எஸ்.ஸின் 163. ஆனால் 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகளே பொருந்தும். அதனால் இன்னும் பல ஆண்டுகளுக்கு நீதிமன்றங்களில் இரண்டு எண் வரிசைகளும் அக்கம்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும்.

சாதாரணக் குடிமகனுக்கு இந்த எண்கள் மனப்பாடம் ஆகவேண்டிய அவசியமே இல்லை. அவருக்குத் தெரியவேண்டியது வேறு: தன் கையில் இருக்கும் தாள் எது, அந்தத் தாளை யார் மூடிவிட முடியும்.

சி.எஸ்.ஆர். என்பது காவல் நிலையத்தில் பராமரிக்கப்படும் ஒரு பதிவேட்டின் பெயர். கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர். உங்கள் மனு வந்து சேர்ந்தது, இந்தத் தேதியில் இந்த எண்ணில் பதிந்திருக்கிறோம் என்பதற்கான ரசீது அது. பழைய நடைமுறைச் சட்டத்திலும் இதைப் பற்றிப் பேச்சில்லை, புதியதிலும் இல்லை. காவல்துறையின் நிர்வாக வசதிக்காக ஏற்பட்ட பழக்கம். அதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இன்ன தேதியில் புகார் கொடுத்தேன் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்த மனுவை விசாரித்து, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, "முடிந்தது" என்று எழுதி மூடிவைக்க நிலையத்திலேயே முடியும். வெளியே யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை.

எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, அப்படியல்ல. பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவின் கீழ் அது பதிவாகிறது. பழைய எண் 154. பதிவானதும் ஒரு பிரதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகிறது. போன பிறகு அதைக் காவல்துறை தானாக மூடிவிட முடியாது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலும், குற்றம் நடக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தாலும், நீதிமன்றத்தில்தான் கொடுத்தாகவேண்டும். இரண்டு தாளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். முதலாவதில் உங்கள் பிரச்சினை காவல் நிலையத்தின் சுவர்களுக்குள் இருக்கிறது. இரண்டாவதில் ஒரு நீதிபதியின் மேசைக்குப் போய்விட்டது.

இணைய மோசடியில் பணம் பறிகொடுத்தவர்களுக்கு மூன்றாவதாக ஒரு தாள் உண்டு. 1930 என்ற எண்ணில் அழைத்தோ தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பதிந்தோ பெறும் ஒப்புகை எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கவேண்டுமென்றால் அந்த அழைப்பை உடனே செய்யவேண்டும், யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் அந்த ஒப்புகை எண்ணும் எஃப்.ஐ.ஆர். ஆகிவிடாது.

பிரிவைவிட முக்கியமான அட்டவணை

சரி, புகார் கொடுத்தால் ஏன் நேராக எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை? "போலீஸ் வாங்கிட்டாங்க" என்பதுதான் நம் முதல் சந்தேகம். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சட்டமே "இதில் நீ கைவைக்காதே" என்று காவலரைத் தடுக்கும் இடங்களும் உண்டு. எது எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வக்கீல்கள் தினமும் புரட்டும், மற்றவர்கள் கண்ணிலேயே படாத பக்கம் அது: பி.என்.எஸ்.எஸ்.ஸின் கடைசியில் இருக்கும் முதல் அட்டவணை. மத்திய அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஒவ்வொரு குற்றத்துக்கும் நேராக, எவ்வளவு தண்டனை, காக்னிசபிளா இல்லையா, ஜாமீன் உரிமையாகக் கிடைக்குமா, எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள்.

இதில் காக்னிசபிள் என்ற கட்டத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. காக்னிசபிள் குற்றமென்றால் நீதிமன்றத்தைக் கேட்காமலே காவல்துறை வழக்குப் பதிந்து புலனாய்வு செய்யலாம், வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். நான்-காக்னிசபிள் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் புலனாய்வைத் தொடங்கவே முடியாது. 174ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் கன்னத்தில் அறைந்துவிட்டார் என்று வையுங்கள். அது பி.என்.எஸ். 115(2), சாதாரணக் காயம். ஓராண்டு வரை தண்டனை, நான்-காக்னிசபிள். அதே அறையில் ஒரு பல் விழுந்துவிட்டால்? எலும்போ பல்லோ முறிந்தாலும் இடம் பெயர்ந்தாலும் அது கொடுங்காயம். 117(2), ஏழாண்டு வரை தண்டனை, காக்னிசபிள். காவலர் நடந்துகொள்ளவேண்டிய முறையே ஒரு பல்லில் மாறிவிடுகிறது. அடிபட்டவரை முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். எண்ட்ரி போட்டுவரச் சொல்வது இதனால்தான். விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் எழுதும் அந்த இரண்டு வரியும் பிறகு தரும் காயச் சான்றிதழும்தான் எந்தப் பிரிவு என்பதைத் தீர்மானிக்கப் போகின்றன. "சின்ன அடிதானே, வீட்டுலயே மருந்து போட்டுக்கலாம்" என்று இருந்துவிட்டு நாலாம் நாள் புகார் கொடுப்பவர் தன் வழக்கின் முதுகெலும்பைத் தானே கழற்றி வைத்துவிடுகிறார்.

திருட்டிலும் புதிய சட்டம் ஒரு மாற்றம் செய்திருக்கிறது. பலருக்கு இன்னும் தெரியாது. முன்பு எந்தத் திருட்டும் காக்னிசபிள். இப்போது பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, செய்தவர் முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்த ஐயாயிரத்துக்குக் கீழான திருட்டு அட்டவணையில் நான்-காக்னிசபிள். பழைய செல்போனைத் திருட்டுக் கொடுத்தவர் அதன் விலையைப் புகாரில் எழுதாமல் விட்டால் எந்தக் கட்டத்தில் போய் விழுவார் என்று சொல்லத் தேவையில்லை. பில் இருந்தால் இணைக்கவேண்டும். ஐ.எம்.இ.ஐ. என்ற போனின் அடையாள எண்ணும் எழுதவேண்டும்.

நம் ஊர் அடிதடி வழக்குகளின் எஃப்.ஐ.ஆரைப் படித்திருப்பவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடமாகவே இருக்கும்: "தகாத வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து." பிரிவுகள் 294(b), 323, 506(ii). இப்போது 296(b), 115(2), 351(3). நாளிதழில் மாவட்டப் பக்கத்தைப் புரட்டினாலே தட்டுப்படும். யாருமே வாய் திறக்காமல் அடித்துக்கொண்ட வழக்கில்கூட ஆபாசமாகத் திட்டியதாக ஏன் எழுதுகிறார்கள்? அட்டவணையைப் பார்த்தால் புரியும். கையால் அடித்தது நான்-காக்னிசபிள். பொது இடத்தில் ஆபாச வார்த்தை பேசுவது, மூன்று மாதம்தான் தண்டனை என்றாலும், காக்னிசபிள். ஒரு சம்பவத்தில் இரண்டு மூன்று குற்றங்கள் இருந்து அதில் ஒன்று காக்னிசபிளாக இருந்தால் மொத்த வழக்கும் காக்னிசபிளாகிவிடும் என்று 174ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு சொல்கிறது. ஆக, அந்தக் கெட்ட வார்த்தைதான் எஃப்.ஐ.ஆருக்குக் கதவு திறந்துவிடுகிறது. சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். நடைமுறை அப்படி வளைத்துக்கொண்டது என்பது என் வாசிப்பு. இதனால் புகார்தாரருக்கு நன்மை என்று நினைக்கவேண்டாம். நடக்காததைச் சேர்த்து எழுதிய புகார் குறுக்கு விசாரணையில் அங்கேதான் முதலில் கிழியும்.

"இது சிவில் மேட்டர்"

காவல் நிலையத்தில் அதிகம் கேட்கும் வாசகங்களில் இதுவும் ஒன்று. கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பவில்லை, பங்காளி வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார், வாடகைக்கு இருப்பவர் காலி செய்ய மறுக்கிறார். இதெல்லாம் அடிப்படையில் உரிமையியல் வழக்கு, காவலர் சொல்வது சரி. கடன் வாங்கியவர் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கினார் என்று காட்டினால்தான் அது மோசடி. பிறகு கொடுக்க முடியாமல் போனது மோசடியாகாது. தொழில் தகராறுகளை கிரிமினல் வழக்காக மாற்றிக் காசு வசூலிக்கும் போக்கு வளர்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே, இந்தியன் ஆயில் நிறுவனம் தொடர்ந்த ஒரு வழக்கில், கண்டித்திருக்கிறது.

ஆனால் இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வருபவர் செய்யும் தவறு, ஸ்டேஷனுக்கு நடந்தே காலத்தைக் கழிப்பது. கிரிமினல் புகாரில் மும்முரமாக இருக்கும்போது சிவில் கெடு ஓடிக்கொண்டிருக்கும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி கடன் பணத்துக்கு வழக்குப் போட மூன்றாண்டுதான். புரோநோட்டுக்கும் அதே கணக்கு. கெடு முடிவதற்குள் கடன் வாங்கியவர் கொஞ்சம் பணம் திருப்பிக் கொடுத்து, அவரே நோட்டின் பின்னால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு ஓடும். வட்டிக்குக் கொடுப்பவர்கள் அந்த வரவுக் கையெழுத்தில் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். செக் திரும்பினால் கெடு இன்னும் குறுகியது: வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ், அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தரவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். இது செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு. இதற்குக் காவல் நிலையப் படியை மிதிக்கவே வேண்டியதில்லை.

காவலர் மறுத்தால்

இதுவரை சொன்னது சட்டம் காவலரைக் கட்டிப்போடும் இடங்கள். மறுபக்கம், கட்டாயப்படுத்தும் இடமும் இருக்கிறது. 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு லலிதா குமாரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. காக்னிசபிள் குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும், தகவல் உண்மையா பொய்யா என்று முதலில் சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான அன்றைய தலைமை நீதிபதி ப. சதாசிவம். குடும்பத் தகராறு, வணிகக் குற்றம், மருத்துவ அலட்சியம், ஊழல், காரணமில்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் தாமதமான புகார் போன்றவற்றில் மட்டும் முதல்நிலை விசாரணை செய்யலாம் என்று விலக்கு கொடுத்தார்கள். அதற்கும் கெடு வைத்தார்கள். மனைவி கணவன் மேல் கொடுக்கும் புகாருக்கு மகளிர் காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். கொடுத்து இரு தரப்பையும் அழைத்துப் பேசுவது இந்த விலக்கின் பலத்தில்தான்.

புதிய சட்டம் இதில் ஒரு ஓட்டை போட்டது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் அனுமதி பெற்று 14 நாளுக்குள் முதல்நிலை விசாரணை செய்யலாம் என்கிறது 173(3). இதில் உடன்பாடில்லாதவர்களில் நானும் ஒருவன். பதினான்கு நாள் என்பது சாட்சிகள் மனம் மாறப் போதுமான காலம். ஆனாலும் சட்டம் இப்போது அதுதான், கெடுவும் பதினான்கு நாள்தான். மாதக்கணக்கில் மனு விசாரணை என்று இழுப்பதற்கு இந்தப் பிரிவைக் காட்ட முடியாது.

"எங்க லிமிட் இல்ல" என்று அனுப்பிவிடும் பழக்கத்துக்குப் புதிய சட்டம் நல்ல பதில் சொல்லியிருக்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அங்கே பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்வது இதைத்தான். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். எஃப்.ஐ.ஆர். பிரதி தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசம். சில பாலியல் குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு பி.என்.எஸ். 199இன் கீழ் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு.

மறுத்தால் அடுத்த படி மாவட்டக் கண்காணிப்பாளர். மாநகரமென்றால் ஆணையர் அலுவலகம். புகாரின் சாரத்தை எழுத்தில் தபாலில் அனுப்பவேண்டும். தபால் ரசீதும் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையும் பத்திரமாக இருக்கட்டும். அதிலும் அசைவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3)இன் கீழ் மனு. வக்கீல்கள் இன்னும் பழைய எண்ணிலேயே 156(3) மனு என்பார்கள். மேல்படிக்கு எழுதினேன் என்ற ஆதாரம் இல்லாமல் இங்கே போனால் மனு நிற்காது. தபால் ரசீதை அவ்வளவு அழுத்திச் சொன்னது இதற்காக. பலரும் இந்தப் படிகளைத் தாண்டி, காவல்துறைக்கு உத்தரவிடக் கேட்டு நேரே உயர் நீதிமன்றத்தில் டைரக்‌ஷன் மனு போட ஓடுகிறார்கள். 2007இல் சகிரி வாசு வழக்கில், கையில் மாஜிஸ்திரேட் இருக்கும்போது உயர் நீதிமன்றத்துக்கு ஏன் வருகிறீர்கள் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் கேட்டுவிட்டது. செலவும் அங்கே பல மடங்கு.

புகாரை எப்படி எழுதுவது என்று தனியாகப் பாடம் வேண்டாம். நடந்த தேதி, நேரம், இடம், செய்தவர், பார்த்தவர், இழந்தது. தமிழில், உங்கள் வார்த்தையில். தாமதமாகியிருந்தால் காரணத்தை அதிலேயே சொல்லிவிடவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன துலியா காளி வழக்கில், 1972இல், கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். காவல் நிலையம் இரண்டு மைல் தொலைவில் இருந்தும் தகவல் போய்ச் சேர 20 மணி நேரத்துக்கு மேல் ஆனது, தாமதமான தகவலில் கற்பனை கலந்துவிடும் என்பது நீதிமன்றம் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. தாமதத்தைப் பற்றி இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

கையெழுத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புகாரில் கையெழுத்துப் போடவேண்டும், அது சரி. ஆனால் புலனாய்வின்போது சாட்சியாகச் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மனு விசாரணையின் முடிவில் "பேசித் தீர்த்துக்கொண்டோம், மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதிய தாளை நீட்டினால் முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள். நிஜமாகவே தீர்ந்திருந்தால் போடுவதில் தவறில்லை.

எஃப்.ஐ.ஆர். பதிந்துவிட்டதா என்று நீங்களே பார்க்கலாம். 2016இல் உச்ச நீதிமன்றம் 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றச் சொன்னது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டத்தையும் நிலையத்தையும் கொடுத்துத் தேடலாம், சி.எஸ்.ஆரின் நிலையையும் அங்கேயே பார்க்கலாம். "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, ஏன் இன்னும் தூக்கல?" என்று கோபப்படுபவர்களுக்கு ஒன்று: ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் தேவை இருந்தால்தான் கைது, இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கவேண்டும் என்று 2014இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொல்கிறது. நாளை உங்கள் மேலேயே ஒருவர் புகார் கொடுத்தால் இதே தீர்ப்புதான் உங்களுக்கும் காவல்.

பதிந்த வழக்கு எங்கே நிற்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 193இல் புதிதாக வந்த கடமை. வழக்கை மூட முடிவு செய்தால் உங்களுக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒரு தாள் வரும். குற்றம் நடந்ததாகத் தெரியவில்லை, ஆட்சேபம் இருந்தால் நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். இதைக் குப்பைத் தாள் என்று நினைத்து வைத்துவிடுபவர்கள் ஏராளம். புகார்தாரரைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் அந்த அறிக்கையை ஏற்கக் கூடாது என்று 1985இலேயே பகவந்த் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. நோட்டீஸில் குறித்த நாளுக்குள் நீதிமன்றத்தில் ஆட்சேப மனு போட்டால் மேல் புலனாய்வுக்கு உத்தரவிடவோ, அறிக்கையைத் தள்ளிவிட்டு வழக்கை நேரடியாக எடுத்துக்கொள்ளவோ அவருக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவைக் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. தொலைபேசி எண் 15100.